அவரவர் வீட்டுக்கு எதிரே



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை உண்டு. "எல்லாம் மலைப்பாயிருக்கிறது, பாஸ்டர்" என்பதே அது. வீட்டு வாடகை, ஊரில் வாங்கிய கடன், பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோரின் வைத்தியச் செலவு ஆகிய இவை யாவும் இரவில் ஒன்றாய் எழுந்து நிற்கும்போது நித்திரை போய்விடுகிறது. செய்யவேண்டியது இன்னதென்று தெரியும். எங்கே கைவைப்பது என்றுதான் தெரியவில்லை. இப்படியே ஒரு வருஷம் கழிந்துபோகிறது.

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்ததோ ஒரு வருஷமல்ல. பாபிலோனியர் கி.மு. 586இல் நகரத்தை அழித்தார்கள். நெகேமியா அங்கே வந்தது கி.மு. 445இல். ஏறத்தாழ 140 ஆண்டுகள் அந்த இடிபாடுகளைத் தாண்டியே ஜனங்கள் போக்கும் வரத்துமாயிருந்தார்கள்.

நெகேமியா அழுதான், உபவாசித்தான். கிஸ்லேயு மாதத்தில் செய்தி கேட்டவன் நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தான். திறந்தபோது தனக்கு வேண்டியதை எண்ணிக் கேட்டான்: வழிக்குக் கடிதங்கள், வாசல்களுக்கு மரங்கள். எருசலேமுக்கு வந்தும் மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லாமல், இரவிலே சிலரோடு புறப்பட்டு, இடிந்தது எவ்வளவு என்று சுற்றிப் பார்த்தான். நம்மில் சிலரோ முதலில் சாட்சி சொல்லிவிட்டுப் பிற்பாடு அளவு பார்க்கிறோம்!

இதற்கு அடுத்து வரும் மூன்றாம் அதிகாரத்தை, வாயில் நுழையாத பெயர்கள் நிறைந்திருப்பதினால், அநேகர் புரட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைப் பொறுமையாய் வாசியுங்கள். அலங்கம் முழுவதையும் கட்டும்படி அங்கே ஒருவனுக்கும் சொல்லப்படவில்லை. அது ஏறத்தாழ நாற்பது பங்குகளாய்ப் பிரிக்கப்பட்டது. பிரதான ஆசாரியனும் அவனைச் சேர்ந்தவர்களும் ஆட்டுவாசலைக் கட்டினார்கள். தட்டானும் தைலக்காரனும் கல்லெடுத்தார்கள். அவர்கள் கொத்தனார்கள் அல்லவே! சல்லூம் தன் குமாரத்திகளோடு வேலை செய்தான். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் கழுத்தை வளைக்கவில்லை. அந்த ஊராரோ தங்கள் பங்கை முடித்து இன்னொரு பங்கையும் எடுத்துக்கொண்டார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினார்கள். மெசுல்லாம் தன் அறைவீட்டுக்கு எதிரே கட்டினான். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராய்க் குடியிருக்கிற நமக்கு இந்த மெசுல்லாம் மிகவும் நெருங்கினவன்.

அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருவது, இன்னானுக்கு அருகே இன்னான் கட்டினான் என்பதே. தன் பங்கு சிறியது, பக்கத்தில் ஆளும் உண்டு. ஆகிலும் மதில் பாதி உயரம் எழும்பினபோது சுமைகாரர் சோர்ந்தார்கள்; மண்மேடு இன்னும் மிகுதியாயிருக்கிறது என்றார்கள். சோர்வு பெரும்பாலும் நடுவிலேதான் வருகிறது. அப்பொழுது நெகேமியா ஜனங்களைக் குடும்பம் குடும்பமாய் நிறுத்தினான்; எக்காளம் கேட்கும் இடத்தில் எல்லாரும் கூடிவர ஏற்பாடு செய்தான். 52 நாளில் அலங்கம் முடிந்தது.

இதை நம் வீட்டுக் காரியம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, விவாகமாகி, நகரத்துக்கு வந்த சகோதரிகள் நம் சபைகளில் அநேகர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் நல்ல வேலைக்கு மனு செய்யலாம் என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. "இந்த வயதிலா? ஐந்து பாடமா?" என்று அந்த ஆசையை மூடி வைத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம்; மேல் வயது வரம்பு இல்லை. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே முறை எழுதவேண்டுவதில்லை; ஐந்து வருஷங்களுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு; தேறின பாடம் தேறினதாகவே இருக்கும். தேர்வுக்கு ஒரு பாடமாக எழுதினாலும் ஐந்து தேர்வுகளில் முடிந்துவிடும். முதலாவது தமிழை எழுதட்டும். கணக்கை எடுக்கிறவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். அதற்குள் கைப்பழக்கம் வந்துவிடும்.

ஆனால் அருகே கட்டுகிற ஆள் வேண்டுமே. இரவில் ஒரு மணி நேரம் புருஷன் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளவேண்டும். கல்லூரியில் படிக்கிற வாலிபப் பிள்ளைகள் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். படிக்கிற சகோதரிகள் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்துகொண்டால், ஒருத்தி சோர்ந்துபோகும் வாரத்தில் மற்றவள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், உங்கள் சபையில் இப்படிப்பட்ட சகோதரிகள் யார் யார் என்று விசாரித்துப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிற உங்கள் பெயரே அதில் முதலாவதாக வந்தாலும் வெட்கப்படாதிருங்கள்.