ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வை தம்பி!

கூடலூரில் ஆரம்பித்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஒரு மூலையில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர், பக்கத்தில் உர மூட்டை, அதுக்கு மேலே உரிக்காத தேங்காய். இதுக்கெல்லாம் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு பழைய வண்டி நிற்கும். ராஜ்தூத்தாக இருக்கலாம், எஸ்டியாக இருக்கலாம், கொஞ்சம் வசதியான வீடென்றால் புல்லட். அப்பாவோ சித்தப்பாவோ காலேஜ் போன காலத்து ஆர்எக்ஸ் 100 என்றால் கேட்கவே வேண்டாம், அதைப் பார்த்த பையனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

மறுநாள் காலையில் ஆரம்பிக்கும் கூத்து. இரவல் ஸ்பேனர் செட், இரண்டு கூட்டாளிகள், செல்போனில் ஒரு வீடியோ. மதியத்துக்குள் டேங்க், சீட், சைலன்சர் எல்லாம் திண்ணையில். சாயங்காலம் எஞ்சின் தரையில். ஞாயிற்றுக்கிழமை முடியும்போது வண்டி என்று ஒன்று கிடையாது, நாலு சாக்கும் ஒரு சேஸிஸும்தான் மிச்சம். அப்புறம் செமஸ்டர் வரும். கூட்டாளிகள் காணாமல் போவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா கேட்பார்: "ஏன்டா, இந்த இரும்பை எடைக்குப் போட்டா ஒரு குக்கராச்சும் வாங்கலாம்ல?"

அம்மா கேட்பதில் தப்பே இல்லை. சாக்கில் கிடப்பது இரும்புதானே.

ஆக, விஷயம் இதுதான். வீட்டில் வைத்துப் பழைய வண்டியைச் சீரமைக்க ஆரம்பிக்கிறவன் முதல் மாதத்தில் செய்யவே கூடாத வேலை, வண்டியை முழுசாகப் பிரிப்பது. போல்ட் போல்ட்டாகக் கழற்றி, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, ஷோரூம் கண்டிஷனுக்குக் கொண்டுவருவதெல்லாம் பட்டறையும் பணமும் இருப்பவர்கள் சமாச்சாரம். திண்ணையில் உட்கார்ந்து செய்கிறவன் வண்டியை முதலில் ஓட வைக்க வேண்டும். அழகு அப்புறம்.

காமர்ஸ் கணக்கிலேயே பார்க்கலாமே. 1990-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வருமான வரி விகிதப்படி வருஷம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை. 35 வருஷம் கழித்துப் புத்தக மதிப்பு 70 ரூபாய்கூடத் தேறாது! ஆனால் சந்தை அந்தப் புத்தகத்தைப் படிப்பதில்லை. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன ஆர்எக்ஸ் 100, ஓடாவிட்டாலும் முழுசாக, ஆர்சி புக்கோடு நின்றால், அன்றைக்கு வாங்கிய விலைக்கு மேலேயே கேட்பதற்கு ஆள் இருக்கிறது. அதே வண்டி நாலு சாக்கில் இருந்தால்? கிலோ கணக்குத்தான். பாதியில் நின்றுபோன வேலை மதிப்பைக் கூட்டுவதில்லை, இருந்ததையும் தின்றுவிடுகிறது. "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்று அதற்கு மேலும் பணத்தைக் கொட்டுகிற நிலைமைக்குத்தான் புத்தகத்தில் மூழ்கிய செலவுப் பிழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பணம் ஒருபக்கம் இருக்கட்டும். பிரிக்காத வண்டி என்பது ஒரு வரைபடம். எந்த ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது, எந்த போல்ட்டுக்குக் கீழே வாஷர் ஒன்றா இரண்டா, எந்தக் கேபிள் ஹேண்டில்பாருக்கு முன்னால் வளைகிறது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கழற்றிச் சாக்கில் போட்ட நிமிஷத்தில் அந்த வரைபடம் கிழிந்துவிடும். அதுவும் எஸ்டி மாதிரி வண்டியில், கியர் லிவரும் கிக்கரும் ஒரே லிவர்! இந்தக் கால வண்டியை மட்டும் பார்த்த பையன் அதை ஒருமுறை கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் விடிந்துவிடும்.

புல்லட்காரர்கள் பாக்கியசாலிகள். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான வண்டி அது. கம்பெனி இன்றைக்கும் உயிரோடு இருப்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. எஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டது. 2018-இல் ஜாவா பெயரும் 2022-இல் எஸ்டி பெயரும் புது வண்டிகளாகத் திரும்பி வந்தன, வாஸ்தவம். ஆனால் வந்தது பெயர்தான். அந்த ஷோரூமில் போய் மோட்டார் ரூம் எஸ்டிக்குச் சாமான் கேட்டால் சிரித்துவிடுவார்கள். உடைந்தால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேட வேண்டும், இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். அதனால் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.

அப்போ முதல் வேலை எது? பீரோவைத் திறப்பது. சத்தியமாகத்தான். ஆர்சி புக் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. தேனி தனி மாவட்டமானது 1996-இல். அதற்கு முந்தைய வண்டிகள் மதுரையில் பதிவானவை, பதிவேடு தேடுவதற்கே ஒரு நடை நடக்க வேண்டியிருக்கும். வண்டி தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. சட்டப்படி 30 நாளைக்குள் தகவல் சொல்லி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். எத்தனை வீட்டில் செய்திருப்பார்கள்? பதினாறாம் நாள் காரியத்துக்கு நடுவில் மோட்டார் ரூம் வண்டி யார் ஞாபகத்துக்கு வரப்போகிறது. தாமதமானாலும் மாற்ற வழி உண்டு, அலைச்சலும் அபராதமும் கூட வரும், அவ்வளவுதான்.

15 வருஷம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஒருமுறை புதுப்பித்தால் ஐந்து வருஷம். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். "பழைய வண்டியெல்லாம் தடை பண்ணிட்டாங்களாமே" என்று டீக்கடையில் சொல்வது டெல்லி வட்டாரத்து விவகாரம், இங்கே அந்தத் தடை இல்லை. 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 2021-இல் வின்டேஜ் என்று தனிப் பதிவும் வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-இல். அதற்கு அந்த யோகம் 2035-க்கு மேல்தான் :-)

இன்னொரு விஷயம். ஆர்டிஓ ஆபீஸில் சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, புக்கில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரை வைத்து அந்த இடத்தை மழுங்க அடித்தவனும், நம்பர் தெரியாத அளவுக்கு பவுடர் கோட்டிங் அப்பியவனும் அங்கே போய் என்ன பதில் சொல்வான்? திருட்டு வண்டிக்காரன் செய்வதும் அதே வேலைதானே.

இந்தப் பள்ளத்தாக்குத் துருவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தக் கரைசல் இரும்பில் பட்டால் செம்பு மேலே படியும், கீழே இரும்பு அரிக்கும். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதற்கு நடுவில் பத்து வருஷம் நின்ற வண்டிக்கு முதலில் தேவைப்படுவது தண்ணீரும் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும். கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகுதான் எது அழுக்கு, எது உண்மையான துரு என்றே தெரியும். கழுவுவதற்கு முன்னால் நாலாபக்கமும் போட்டோ எடுத்துவிட வேண்டும், ஒயரிங் பக்கம் மட்டுமே பத்து போட்டோ. ஏர்ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடு, சைலன்சர் வாயில் குளவிக்கூடு... இரண்டையும் பார்க்காமல் யாரும் கிக்கரில் கால் வைக்க வேண்டாம்.

கிக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. பல வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கலாம். அதன் மேல் ஏறி நின்று உதைப்பது வீரமில்லை, கிக்கர் ஷாஃப்டுக்குச் செய்கிற சமாதி. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, மூடிவிட்டு இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் பையன்களுக்குக் கஷ்டம். பிறகு டாப் கியரில் போட்டு பின்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் பல எஞ்சின்கள் தானாக விட்டுக்கொடுக்கும். பழைய பெட்ரோல் டேங்க்கிலேயே பிசினாக மாறிக் கிடக்கும், அதை இறக்கிவிட வேண்டும். அதையும் வெட்டவெளியில் செய்ய வேண்டும். அடுப்படிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில், சாமி விளக்கு எரியும்போது பெட்ரோல் இறக்கினால் சீரமைக்க வேண்டியது வண்டியாக இருக்காது. கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துவதும் வேண்டாம். ஓட்டை ஒரு இழை பெரிசானாலும் பெட்ரோல் அளவு மாறிப்போகும்.

டூ ஸ்ட்ரோக் வண்டி சும்மா நின்றாலே கிராங்க் ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் நேராக மலையேறி, பாதி வழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்ற கதைகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சின்ன ரப்பர்தான் காரணம். இன்னொரு ரப்பர் பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்தக் காலத்து பெட்ரோல் டியூபும் கார்புரேட்டர் ரப்பரும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க்குக்குள் துரு சீக்கிரம் திரும்பும். டியூபைப் புதிதாகப் போட்டுவிட்டு, நிறுத்திவைக்கும்போது டேங்க்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தேனிக்காரனுக்கு மட்டும் ஒன்று தனியாக இருக்கிறது. இங்கே வண்டி தயாரானால் பையன் எங்கே போவான்? பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்கா? குமுளிக்கு, கம்பம் மெட்டுக்கு, போடிமெட்டுக்கு! போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு எஞ்சின் போதும், இறங்குவதற்கு பிரேக் வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிடிமானம் ஃபோர் ஸ்ட்ரோக் அளவுக்கு இருக்காது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிற எஸ்டி, ராஜ்தூத் மாதிரி வண்டிகளில், ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நெடுநேரம் இறங்கினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும். அந்தக் காலத்து ஆட்கள் இறக்கத்தில் நடுநடுவே லேசாக முறுக்கிவிட்டு இறங்கியது பந்தாவுக்காக இல்லை.

அதனால் எஞ்சினுக்கு முன்னால் பிரேக். பழைய ஷூவில் லைனிங் ஒட்டியிருப்பது போலத் தெரியும், கையால் நெம்பினால் பிய்ந்து வரும். அதைப் பத்தாவது வளைவில் கண்டுபிடிப்பதைவிடத் திண்ணையில் கண்டுபிடிப்பது மேல். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதுவதோ காற்றடித்து ஊதுவதோ கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். டயரில் பட்டன் முழுசாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் கல்லாகிப்போன ரப்பர், சாரல் நனைத்த ரோட்டில் நிற்காது.

பெயிண்ட் எப்போது என்று கேட்பார்கள். வண்டி ஒரு மழைக்காலம் ஓடட்டும். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமே, புதுசாக்குவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் முதல் இடம் கொடுக்கிறது. சித்தப்பாவின் முட்டி தேய்ந்து டேங்க்கில் பெயிண்ட் மங்கிய இடத்தை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. அதன் மேல் மெட்டாலிக் நீலம் அடித்து, சைலன்சரில் ஓட்டை போட்டு ஊரை எழுப்புகிற கோஷ்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. அப்படியே அடித்தாலும் ஆடி மாதத்தில் வேண்டாம். தேனிக் காற்றில் பெயிண்ட் காய்வதற்குள் பாதித் தோட்டம் டேங்க் மேல் ஒட்டியிருக்கும்.

ஸ்டார்ட் ஆகி, பிரேக் பிடித்து, பேப்பரும் இன்ஷூரன்ஸும் கைக்கு வந்த வண்டிக்குக் கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் நல்ல ரோடு இருக்கிறது, மலை ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். அதுவரைக்கும் போய், நிறுத்தி, டிரம்மையும் எஞ்சினையும் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத் திரும்பினால் முதல் வாரத்துக்குப் போதும்.