சொல்லாமல் விடுவதும் பொய்ச்சாட்சியே

செய்தித்தாளில் வந்தது உண்மையா என்று ஆராய நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். வராமற்போனது எது என்று கேட்கவும் உயர்நிலைப் பள்ளியிலேயே பழக்குதல் வேண்டும். அதற்கு ஏற்ற பாடமொன்று அமெரிக்க வரலாற்றில் உண்டு.

மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன். அந்நகரின் டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி எட்டிய பகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். எனினும், அவர்களுடைய சம உரிமைக் குரலுக்கு அந்நிலையம் இடந்தரவில்லை. 1955-இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியொன்றில் தோன்றியபோது, கம்பித் தொடர்பில் கோளாறு என்ற அறிவிப்பே ஜாக்சன் மக்களுக்குக் காட்டப்பட்டது. கறுப்பினத்தவரின் பெயருக்குமுன் 'திரு', 'திருமதி' என்னும் மரியாதையும் மறுக்கப்பட்டதென மக்கள் முறையிட்டனர்.

1964-இல் ஐக்கிய கிறிஸ்து சபையைச் சேர்ந்த போதகர் எவரெட் பார்க்கர் தொண்டர் சிலரைத் திரட்டினார். அவர்கள் அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளை ஒரு வாரம் கண்டு குறிப்பெடுத்தனர். அச்சான்றுகளோடு, நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கலாகாதென அரசின் தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனுச் செய்யப்பட்டது. பார்வையாளருக்கு வழக்காடும் தகுதியில்லை என்றது ஆணையம். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தகுதி உண்டெனத் தீர்ப்பளித்தது; 1969-இல் உரிமப் புதுப்பிப்பையே செல்லாதாக்கியது. எளிய மக்களின் குறிப்பேடு வலிய நிறுவனமொன்றைக் கணக்குக் கேட்டது!

செய்தியறியும் உரிமை மனித சமுதாயத்துக்கு உண்டென 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. அவ்வுரிமையைக் காக்கும் பயிற்சியை நம் வகுப்பறைகளிலும் தொடங்கலாம். மாணவர் ஒரு வாரம் இரு நாளிதழ்களை ஒப்பிட்டுப் படிக்கட்டும். யாருடைய சொல் இடம்பெற்றது? யாரைப் பற்றி எழுதியும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்'? இவற்றைத் தேதியிட்டுக் குறிக்கட்டும்.

எல்லாவற்றையும் ஐயுறச் செய்வது நம் நோக்கமன்று. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை, வேண்டுமென்றே காக்கும் மௌனத்துக்கும் பொருந்துமென்று உணர்த்துவதே நோக்கம். நமக்குப் பிடித்த ஏட்டையும் அதே உரைகல்லில் மாணவர் உரைத்துப் பார்க்கட்டும். இத்திங்களிதழும் அதற்கு விலக்கன்று.