பூச்சு பழக ஒரு சுவர்

சொந்தக் கையால் சுவர் பூசிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரவேற்பறையை விட்டுவிடுங்கள். சாமான் அறை எதற்கு இருக்கிறது? கரண்டி பிடிப்பதைவிட மணல்தான் முக்கியம் என்பேன். கட்டுவேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் பூச்சுக்குச் சொரசொரப்பு. பி-சாண்ட் கேட்டு வாங்கிச் சலியுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு 5 அல்லது 6 பங்கு மணல், 12 மி.மீ. கனம். கொஞ்சமாகக் குழையுங்கள், அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். செங்கல் சுவரை நன்றாக நனைக்காவிட்டால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும், மணியாஸ் கட்டையால் தேய்க்கும்போதே பூச்சு பொலபொலவென்று உதிரும். வழவழப்பு வரவில்லையே என்ற கவலை வேண்டாம், அதைப் பட்டி பார்த்துக்கொள்ளும். தூக்குக்குண்டு காட்டிக்கொடுக்கும் கோணலுக்குத்தான் பட்டியில் மருந்தில்லை. அப்புறம் 7 நாளாவது தண்ணீர் அடிக்க வேண்டும். ஆர்வம் பெரும்பாலும் அதற்கு முன்பே வற்றிவிடுகிறது, மயிரிழை விரிசலும் வந்துவிடுகிறது. பழி சிமெண்டு கம்பெனிக்கு.