12-ம் எண் நோயாளி எந்த வார்டு?

1968 ஆகஸ்ட் 14. கலிஃபோர்னியாவின் டவுனி நகரில், அப்போலோ விண்கலம் தயாரான ஆலையில் 'ஐஎம்எஸ் ரெடி' என்ற செய்தி முதன்முறையாகத் தட்டச்சாகி வந்தது. நிலவுப் பயணத்துக்கான எக்கச்சக்க உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவான ஐபிஎம் தரவுத்தளம் அது. பெரிய வங்கிகளில் இன்றும் ஓடுகிறது!

இதில் தகவல்கள் மரம்போல கிளை பிரியும். ஐபிஎம் கையேடு சொல்லும் உதாரணம் மருத்துவமனை. அதன் கீழ் வார்டு, வார்டின் கீழ் நோயாளி, நோயாளியின் கீழ் நோய், அதன் கீழ் சிகிச்சை. அட்டவணைகளுக்காகப் பிறந்த எஸ்க்யூஎல் மொழி பிற்பாடுதான் வந்தது. இப்போது அந்த மொழியிலேயே இந்த மரத்தையும் திருத்தலாம். ஆனால், கொஞ்சம் உஷார் தேவை.

நோயாளியின் பெயரில் எழுத்துப்பிழை என்று வையுங்கள். 'அப்டேட்' என்று தொடங்கி, 'செட்' என்பதில் சரியான பெயரைக் கொடுத்து, 'வேர்' என்பதில் யாருக்கு என்று சொல்ல வேண்டும். (மரத்துக்குப் பொருத்தமான சொல்தான்!) இங்கேதான் சிக்கல். 12-ம் எண் நோயாளி ஒரே வார்டுக்குள் ஒருவர்தான். பக்கத்து வார்டிலும் ஒரு 12 இருக்கலாம். வார்டு எண்ணைச் சொல்லாமல் விட்டால், இருவர் பெயரும் மாறிவிடும். 'வேர்' பகுதியையே மறந்தால் மொத்த மருத்துவமனைக்கும் ஒரே பெயர்!

சரி, நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றினால்? வார்டு எண்ணை மட்டும் 'அப்டேட்' செய்யப் பார்த்தால் ஐஎம்எஸ் மறுத்துவிடும். அந்த எண் நோயாளியின் பதிவில் எழுதப்பட்டதல்ல. அவர் எந்தக் கிளையில் இருக்கிறார் என்பதைக் காட்டுவது. கறாரான விதிதான், ஆனால் நியாயமானது. புதிய வார்டின் கீழ் நோயாளியைச் சேர்த்து, நோய், சிகிச்சை விவரங்களையும் அங்கே சேர்த்து, பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் நீக்கினால், அவருக்குக் கீழே இருக்கும் சிகிச்சைக் குறிப்புகள் எல்லாமே சேர்ந்து போய்விடும். கேள்வியே கேட்காது.

அதனால், திருத்துவதற்கு முன் அதே நிபந்தனையோடு 'செலக்ட்' போட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ஒருவர் வரவேண்டிய இடத்தில் இருவர் வந்தால், வார்டு எண் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதையும் மீறித் தவறிவிட்டால், 'கமிட்' கொடுக்கும்வரை 'ரோல்பேக்' உண்டு.