வண்டியை விற்கப்போய்ப் பணத்தை இழப்பதா?

தர்மபுரி, அரூர் பக்கங்களில் பழைய மோட்டார் சைக்கிளை விற்பவர் நோட்டை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது வழக்கம். இப்போது பேரமும் பணமும் பெரும்பாலும் கைப்பேசியில். மோசடிப் பேர்வழிகளுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

வாங்க வருகிறவன் வண்டியைப் பாராமலே சொன்ன விலைக்குச் சம்மதிக்கிறான்! சந்தேகம் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, "ரகசிய எண்ணைப் போடுங்கள், முன்பணம் வந்துவிடும்" என்கிறான். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை, கொடுப்பதற்குத்தான் அது. எண்ணைத் தட்டியதும் விற்பவர் பணமே பறிபோகிறது. வேறு சிலர் போலிக் குறுஞ்செய்தியைக் காட்டி வண்டியோடு நழுவுகிறார்கள். தம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கலாகாது. ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பணம் வந்தாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. மாநிலத்துக்குள் விற்றவர், 14 நாட்களுக்குள் 29ஆம் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 2009இல் ஒரு கார் விபத்து. பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரோ அந்தக் காரை 2007லேயே விற்றிருந்தார்!