ஷெகல்

'ஷெகல்' என்னும் ஹீப்ரு நாணயத்தின் பெயருக்கு, நிறுத்தல் என்பதே தாதுப்பொருள். ஆதியில் அது நாணயமன்று. சுமார் 11 கிராம் எடை. ஆபிரகாம் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது, 400 ஷெகல் வெள்ளியை நிறுத்தே கொடுத்ததாக பைபிள் கூறுகிறது.

பிற்காலத்தில் எருசலேம் ஆலய வரியை, அன்னிய தெய்வத்தின் உருவம் பொறித்த தீரு பட்டணத்துக் காசாகவே செலுத்தினர். அதன் வெள்ளி சுத்தமாம்! கி.பி. 66-ல் ரோமரை எதிர்த்தெழுந்த யூதர்கள் தாமே ஷெகல் அடித்தனர். ஒருபுறம் கிண்ணம், கிளர்ச்சியின் ஆண்டு. மறுபுறம் மூன்று மாதுளைகள், 'புனித எருசலேம்' என்ற எழுத்து. சக்கரவர்த்தியின் தலையைக் காணோம்! நம் மனத்தைக் கவர்வது இதுவே. 70-ல் ரோமர் ஆலயத்தை எரித்தனர். ஐந்தாம் ஆண்டுக் காசுகள் மிக அரிது.