காற்றாலை ஏன் அவசரப்படுவதில்லை?

ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரல். கொஞ்சம் கிழக்கே, சுரண்டைப் பக்கத்துக் காடுகளில் அதுவே மின்சாரம். அங்கே சுழலும் காற்றாலைகள் நல்ல இயற்பியல் பாடம். சுழலும் பொருளை அசைக்க முடியாது என்பது பாதி உண்மைதான். அதன் மேல் திருப்புவிசை செலுத்தினால், அச்சு நாம் தள்ளும் பக்கம் சாயாமல் அதற்குச் செங்குத்தான திசையில் விலகும். கோண உந்தம் எவ்வளவு அதிகமோ, விலகல் அவ்வளவு மெதுவாக இருக்கும். புவியீர்ப்பு சாய்க்கப் பார்த்தும் பம்பரம் விழாமல் தலையாட்டுவது இதனால்தான். காற்றாலையில் இதே விதி சங்கடமாகிறது. காற்று திசை மாறினால் கோபுர உச்சியில் உள்ள பெட்டியை இறக்கைகளோடு பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திருப்பினால் சுழலி மேலும் கீழுமாகச் சாயப் பார்க்கும். வேகமாகத் திருப்பினால் தண்டுக்கும் பேரிங்குக்கும் சுமை ஏறும். அதனால் பெரிய காற்றாலைகள் விநாடிக்கு ஒரு பாகைக்கும் குறைவாகவே திரும்புகின்றன. இறக்கை இரண்டாக இருந்தால் இந்தச் சுமை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். 120 பாகை இடைவெளியில் மூன்று இருந்தால் சீராகப் பரவும். பிளஸ் ஒன் பாடத்தில் திருப்புவிசையையும் கோண உந்தத்தையும் இணைக்கும் சமன்பாடு இருக்கிறது, மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் தென்காசி மாவட்டப் பள்ளிகளுக்கு காற்றாலை என்ற ஆய்வுக்கூடம் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது. சீசனில் அருவிக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்கள், ஒரு மணி நேரம் காற்றாலைக்கும் ஒதுக்கலாம்.